மணி அடிப்பது மூளைக்கா, தாடைக்கா? ஒற்றைச் சேனல் நியூரோஃபீட்பேக் செய்முறை

மூளையின் மின்னலையைத் தலைத்தோலில் அளந்து, விரும்பிய அலை எழும்போது மணியடித்துப் பரிசு கொடுத்துப் பழக்குவது நியூரோஃபீட்பேக். அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி கடைவாய்ப் பற்களை லேசாகக் கடியுங்கள். பாக்குத் துண்டு ஒன்றை நசுக்கும் அளவுக்குக் கடித்தால் போதும். அதுவரை அடக்கமாக ஓடிக்கொண்டிருந்த கோடு கம்பளிப்பூச்சி மாதிரி தடித்துச் சிலிர்க்கும். 20 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 20 அலைகளுக்கு, மேலே உள்ள பட்டைகள் எல்லாம் ஒரே நொடியில் ஏறும். அது தாடைத் தசையும் நெற்றிப்பொட்டுத் தசையும் அனுப்பும் மின்சாரம். மண்டையோட்டைத் தாண்டி வெளியே வரும் மூளை சிக்னல் பெரும்பாலும் சில பத்து மைக்ரோவோல்ட்தான். தோலுக்கு நேர் கீழே இருக்கும் தசை அதைவிடப் பல மடங்கு சத்தம் போடும். தசையைத் தடுக்கும்படி அமைக்காத மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றே. மணியை அடித்துவிடும். இதைப் பார்க்காமலே 40 அமர்வு உட்கார்ந்தவர் பல்லைக் கடிக்கக் கற்றுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

இங்கே ஒரே ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்கிறோம்: உச்சந்தலையில் ஒரு எலக்ட்ரோடு (தோலில் ஒட்டும் மின்னுணரி) வைத்து, 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையிலான எஸ்.எம்.ஆர். (சென்சரிமோட்டார் ரிதம்) அலையைக் கூட்டுவது. உடம்பு அசையாமல், ஆனால் தூங்காமல் இருக்கும்போது, அசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதியின் மேல் எழும் தாளம் இது. நீரோரத்தில் மீன் பார்த்து நிற்கும் கொக்கின் நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 19 எலக்ட்ரோடு தொப்பி, ஆல்ஃபா-தீட்டா, மெதுமின்னழுத்தப் பயிற்சி என்று இந்தத் துறையில் இன்னும் நிறைய உண்டு. ஆனால் ஒரு சேனலைச் சுத்தமாக எடுக்கத் தெரியாதவருக்கு 19 சேனல் என்பது 19 மடங்கு குழப்பம்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்யுங்கள்

எஸ்.எம்.ஆர். கதை பூனைகளில் தொடங்கியது. 1960களில் அமெரிக்காவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் பாரி ஸ்டர்மன், இந்த அலை எழும்போதெல்லாம் பூனைகளுக்குப் பாலும் சூப்பும் கொடுத்துப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளில் இருக்கும் ஹைட்ரசீன் வகை நச்சைச் சோதிக்கும்போது, அப்படிப் பழகிய பூனைகளுக்கு வலிப்பு வருவது தாமதமானது. 1972இல் வலிப்பு நோயாளி ஒருவரிடம் இதே பயிற்சியைச் செய்து பார்த்தார்கள். 1976இல் டென்னசியில் ஜோயல் லூபர் துறுதுறுப்பு மிகுந்த குழந்தையிடம் முயன்றார். இன்று கடைவிரித்திருக்கும் பல நிலையங்களின் மூலக்கதை இதுதான்.

பின்னால் வந்த கடுமையான சோதனைகள் இவ்வளவு இனிப்பாக இல்லை. அமெரிக்காவில் 7 முதல் 10 வயது வரையிலான 140க்கும் மேற்பட்ட ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறலும் மிகைத் துறுதுறுப்பும்) குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெதுவான தீட்டா அலையைக் குறைத்து வேகமான பீட்டாவைக் கூட்டும் உண்மையான பயிற்சியும், மறு பிரிவுக்கு அவர்கள் மூளையோடு தொடர்பில்லாத போலிப் பயிற்சியும் கொடுத்தார்கள். எந்தக் குழந்தைக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவருக்கும் தெரியாது. 2021இல் வெளியான முடிவு: இரு பக்கமும் நன்றாகவே முன்னேறின, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. தூக்கமின்மைக்கு இதே எஸ்.எம்.ஆர். பயிற்சியை ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் சோதித்து 2017இல் வெளியிட்டபோதும் போலிப் பயிற்சியை அது மிஞ்சவில்லை.

ஆக, ஒழுங்கான நேரத்துக்கு அசையாமல் உட்கார்வது, ஒருவர் நம்மைக் கவனித்துக்கொள்வது, ‘சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை ஆகியவையே முன்னேற்றத்தின் பெரும் பங்கைச் செய்கின்றன என்று எடுத்துக்கொள்வதே நேர்மை. உடம்பைத் தளர்த்தவும், கவனம் சிதறும் கணத்தைப் பிடிக்கவும் பழக இது நல்ல கருவி. மருந்துக்கு மாற்று அல்ல. தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை. அதைச் செய்து பார்க்காமல் இதற்குத் தாவ வேண்டாம்.

வலிப்பு வந்தவர்கள், பைபோலார் அல்லது மனச்சிதைவு உள்ளவர்கள், அண்மையில் தலையில் அடிபட்டவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வீட்டில் தானாகச் செய்யும் பயிற்சியே வேண்டாம்; மருத்துவர் தெரிந்திருக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை ‘மணி நன்றாக அடிக்கிறது’ என்று நிறுத்தக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் கருவியைக் கழற்றிவிட்டு 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இந்தியாவில் அது 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம்.

வாங்க வேண்டியவை

மூளை சிக்னலைப் பெருக்கிக் கணினிக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையரில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பதப்படுத்தாத மூல அலையைத் திரையில் காட்ட வேண்டும். நொடிக்கு 200 முறையாவது அளக்க வேண்டும். 250, 256 என்றால் இன்னும் நல்லது. எலக்ட்ரோடு தோலைச் சரியாகத் தொடுகிறதா என்று சொல்லும் இம்பீடன்ஸ் சோதனை வேண்டும். ‘உங்கள் அமைதி இன்று 74’ என்று மதிப்பெண் மட்டும் போட்டு மூல அலையை மறைக்கும் கருவி இந்த வேலைக்கு ஆகாது.

கடையில் எளிதாகக் கிடைக்கும் தலைப்பட்டைகள் இங்கேதான் தோற்கின்றன. மியூஸ் பட்டையின் உணரிகள் நெற்றியிலும் காதின் பின்பக்கமும் உட்காரும். நியூரோஸ்கை மைண்ட்வேவ் நெற்றியில் ஒரே ஒரு புள்ளியைத் தொடும். தியானத்துக்குத் துணையாக அவை இருக்கட்டும். உச்சந்தலையில் எழும் எஸ்.எம்.ஆரை நெற்றியில் தேடினால் கிடைப்பது கண் சிமிட்டலும் புருவச் சுருக்கமும்தான். நான்கு சேனல், நொடிக்கு 200 அளவு, ப்ளூடூத் என்று வரும் ஓபன்பிசிஐ கேங்லியன் போன்ற பலகை ஒன்றும், பிரெயின்பே அல்லது ஓபன்வைப் போன்ற இலவச மென்பொருளும் இருந்தால் கற்றுக்கொள்ளப் போதும். ஆனால் அவை மருத்துவக் கருவிகள் அல்ல என்பது நினைவில் இருக்கட்டும்.

எலக்ட்ரோடு மூன்று: உச்சந்தலைக்கு ஒன்று, இரண்டு காது மடல்களுக்கு ஒவ்வொன்று. மூன்றும் ஒரே உலோகமாக இருக்க வேண்டும். தங்கமுலாம் என்றால் மூன்றும் தங்கமுலாம். வெள்ளி-வெள்ளிக் குளோரைடு என்றால் மூன்றும் அதுவே. கலந்து போட்டால் உலோகங்களுக்கு இடையே பேட்டரி மாதிரி ஒரு மின்னழுத்தம் உருவாகி, கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். இவற்றோடு டென்20 போன்ற கடத்தும் பசை, தோலைத் தேய்க்க நியூபிரெப் போன்ற சொரசொர ஜெல், காது குடையும் பஞ்சுக்குச்சி, தையற்காரர் டேப், உதட்டுச் சாயப் பென்சில் மாதிரி தோலில் எழுதித் துடைக்கக்கூடிய பென்சில் ஒன்று.

ஒரு எச்சரிக்கை. தலையில் ஒயர் மாட்டியிருக்கும்போது கருவியோ அது யுஎஸ்பியால் இணைந்திருக்கும் லேப்டாப்போ சுவர் மின்சாரத்தில் இருக்கக் கூடாது. மலிவான சார்ஜரில் மின்காப்பு கெட்டால் மின்சாரம் போகும் வழி உங்கள் தலைதான். லேப்டாப்பை முன்கூட்டியே சார்ஜ் செய்து, பிளக்கைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். பதிவில் கலக்கும் மின் சத்தத்தில் பாதியும் இதனாலேயே குறையும்.

தலையை அளப்பது

உத்தேசமாக ‘நடுமண்டை’ என்று வைத்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட முடியாது. 1958இல் வெளியான 10-20 முறைப்படி அளக்கப் பழகுங்கள். மூன்று நிமிட வேலை.

மூக்குத்தண்டு நெற்றியோடு சேரும் பள்ளத்தில் டேப்பின் நுனியை வையுங்கள். தலையின் நடுவழியாகக் கொண்டுபோய், பின்மண்டையில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முடிச்சில் முடியுங்கள். 36 செ.மீ. வருகிறது என்றால் 18இல் ஒரு கோடு. அடுத்து, ஒரு காதுத் துவாரத்துக்கு முன்னால், வாயைத் திறந்து மூடும்போது விரல் குழிக்குள் இறங்குமே, அந்த இடத்திலிருந்து உச்சி வழியாக மறு காதின் அதே இடம் வரை. 34 செ.மீ. என்றால் 17இல் ஒரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் சி-இசட். வலப்பக்கத்தில் பயிற்சி வேண்டும் என்றால், காதுக்குக் காது அளவில் 20 விழுக்காட்டை, அதாவது இந்த எடுத்துக்காட்டில் 6.8 செ.மீட்டரை, சி-இசட்டிலிருந்து வலது காதை நோக்கி அளந்தால் சி-4. இந்த முறையில் இடப்பக்கப் புள்ளிகளுக்கு ஒற்றைப்படை எண், வலப்பக்கத்துக்கு இரட்டைப்படை. முதல் மாதம் சி-இசட்டை விட்டு நகராதீர்கள்.

எண்ணெய்த் தலை

நம் ஊரில் நியூரோஃபீட்பேக்குக்கு முதல் எதிரி தேங்காய் எண்ணெய். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது; மெல்லிய படலமாக இருந்தாலும் இம்பீடன்ஸ் எகிறிவிடும். முந்தின நாள் இரவே தலைக்குக் குளித்து, நன்றாக உலர்த்தி, எண்ணெய், ஹேர் ஜெல், கண்டிஷனர் எதுவும் தடவாமல் வர வேண்டும். சீயக்காய் போட்டாலும் சரி, ஷாம்பு போட்டாலும் சரி, மண்டைத் தோலில் பிசுபிசுப்பு தெரியக் கூடாது. ஈரத்தலையும் வேண்டாம்: ஈரம் பசையைப் பரப்பிவிடும். காது மடலில் தோடு, கம்மல், மாட்டல் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

உச்சியில் குறித்த இடத்தில் சீப்பின் காம்பால் வகிடு எடுத்து முடியை இரண்டு பக்கமும் ஒதுக்குங்கள். தோல் வெள்ளையாகத் தெரிய வேண்டும். பஞ்சுக்குச்சியில் மிளகளவு ஜெல்லைத் தொட்டு, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன வட்டத்தில் 20 நொடி தேயுங்கள். சுரண்டத் தேவையில்லை, தோல் லேசாகச் சிவந்தால் போதும், எரிந்தால் அதிகம். மீதி ஜெல்லைத் துடைத்துவிட்டு, எலக்ட்ரோடின் குழியில் பசையைக் குவித்து நிரப்புங்கள். பட்டாணி அளவு போதும். தோலில் வைத்து, திருகாமல் நேராக அழுத்தி, மேலே ஒரு துண்டுப் பஞ்சை ஒட்டுங்கள். பஞ்சு பசை காய்வதைத் தாமதப்படுத்தும். எலக்ட்ரோடை அசையாமலும் பிடித்துக்கொள்ளும். காது மடல்களையும் இதேபோல் தேய்த்து, இடது காதில் ரெஃபரன்ஸ் (உச்சந்தலையோடு ஒப்பிடும் முனை), வலது காதில் கிரவுண்டு (கருவியின் பொது மின்முனை).

இப்போது இம்பீடன்ஸ் பாருங்கள். ஒவ்வொன்றும் 5 கிலோஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், உச்சந்தலைக்கும் ரெஃபரன்ஸுக்கும் இடையே வித்தியாசம் 2 கிலோஓமைத் தாண்டாமல் பார்ப்பது. ஆம்ப்ளிஃபையர் இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துத்தான் பொதுச் சத்தத்தை நீக்குகிறது. ஒன்று 2, மற்றொன்று 12 என்று இருந்தால் கழித்தல் சரியாக நடக்காது. வீட்டு ஒயர்களின் 50 ஹெர்ட்ஸ் முழுசாக உள்ளே வந்துவிடும். 10க்கு மேல் காட்டும் எலக்ட்ரோடைப் பசையை அள்ளிப்போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கழற்றி, துடைத்து, மறுபடி தேயுங்கள்.

பயிற்சிக்கு முன் ஐந்து சோதனைகள்

மூல அலையைத் திறந்து வைத்துக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும், விடாமல்.

1. ஐந்து முறை கண் சிமிட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் மெதுவான ஒரு மேடு வர வேண்டும். நெற்றியில் வரும் அளவுக்கு உச்சியில் பெரிதாக வராது, ஆனால் தெரியும். எதுவுமே வரவில்லை என்றால் ஒயர் கழன்றிருக்கிறது, அல்லது தவறான சேனலைப் பார்க்கிறீர்கள்.

2. பல்லைக் கடித்து விடுங்கள். கோடு தடித்து, விட்டவுடன் மெலிய வேண்டும். விட்ட பிறகும் தடித்தே இருந்தால் தாடையும் கழுத்தும் இன்னும் இறுகியிருக்கின்றன.

3. 20 நொடி கண்ணை மூடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் ஆல்ஃபா அலை எழும். அதன் உச்சம் எந்த எண்ணில் என்று எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

4. எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு அலை என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தில், 50 ஹெர்ட்ஸில் கூம்பு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் சார்ஜர், இன்வர்ட்டர், எக்ஸ்டென்ஷன் பலகை, டியூப்லைட் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் போட்டால் கூம்பு மறையும், ஆனால் சரியாக ஒட்டாத எலக்ட்ரோடு அப்படியேதான் இருக்கும்.

5. கையை மடியில் வைத்து 30 நொடி சும்மா இருங்கள். நொடிக்கு ஒன்று என்கிற கணக்கில் சின்னக் கூர்முனைகள் வந்தால் அது இதயத் துடிப்பு. காது ரெஃபரன்ஸைச் சற்று நகர்த்திப் பாருங்கள். கோடு ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆடினால் வியர்வை, அல்லது மின்விசிறிக் காற்றில் ஒயர் அசைகிறது. மூன்று ஒயர்களையும் ஒன்றாகப் பின்னி, சட்டையின் தோளில் டேப் போட்டு ஒட்டுங்கள். விசிறியைத் தலைக்கு நேரே வைக்காதீர்கள்.

மென்பொருளில் என்ன போடுவது

மூல அலைக்கு 1 முதல் 45 ஹெர்ட்ஸ் வரை ஃபில்டர். அதற்குள் மூன்று பட்டைகள்: கூட்ட வேண்டியது 12–15, அடக்க வேண்டியவை 4–7, 22–30. கீழ்ப்பட்டை தூக்கக் கலக்கத்துக்குக் காவல், மேல்பட்டை தசைக்குக் காவல். காவலாளிகள் இல்லாமல் 12–15ஐ மட்டும் போட்டுப் பயிற்சி செய்வதில் அர்த்தமே இல்லை. பட்டையின் அளவைக் கணக்கிடும் நேரச் சாளரம் அரை நொடி.

மூன்றாவது சோதனையில் எழுதி வைத்த ஆல்ஃபா உச்சம் இங்கே வேலைக்கு வருகிறது. சிலருக்கு அது 11.5 ஹெர்ட்ஸில் இருக்கும். ஃபில்டரின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் இருக்காது, சரிவாகவே இறங்கும்; அதனால் அவர்களது ஆல்ஃபா 12–15க்குள் கசிந்து வந்து மணியை அடிக்கும். அப்படிப்பட்டவர்களுக்குக் கீழ் எல்லையை 13க்கு ஏற்றிவிடுங்கள்.

கண்ணைத் திறந்தபடி மூன்று நிமிடம், எந்த மணியும் படமும் இல்லாமல் பதிவு செய்யுங்கள். அது அன்றைய அடிமட்டம். அதை வைத்து ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் எல்லைக் கோடு (த்ரெஷோல்டு) போடுங்கள்: 12–15 பட்டை அடிமட்டப் பதிவின் 70 விழுக்காடு நேரம் தன் கோட்டுக்கு மேலே இருக்கும்படி, 4–7 பட்டை 80 விழுக்காடு நேரம் கோட்டுக்குக் கீழே, 22–30 பட்டை 90 விழுக்காடு நேரம் கீழே. மூன்று நிபந்தனைகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் 0.7 × 0.8 × 0.9, ஏறக்குறைய பாதி நேரம் எல்லாம் ஒன்றாக அமையும். மூன்றும் அரை நொடி தொடர்ந்து நின்றால்தான் மணி. ஒருமுறை அடித்த பிறகு ஒன்றரை நொடி ஓய்வு. இப்படி வைத்தால் நிமிடத்துக்குப் பத்திலிருந்து இருபது மணி கேட்கும். ஐந்துக்குக் கீழே போனால் ஆள் சோர்ந்துவிடுவார், இருபத்தைந்தைத் தாண்டினால் கற்றுக்கொள்ள எதுவும் மிச்சம் இருக்காது.

பல மென்பொருள்களில் ஆட்டோ த்ரெஷோல்டு என்று ஒன்று உண்டு. எப்போதும் 70 விழுக்காடு வெற்றி வரும்படி கோட்டை அதுவே ஏற்றி இறக்கும். வசதிதான். ஆனால் நீங்கள் தூங்கி வழிந்தாலும் கோடு உங்களோடு இறங்கி வந்து மணியடிக்கும். பையன் எழுதியதைப் பார்த்துவிட்டு விடைத்தாளைத் தயார்செய்யும் வாத்தியார் மாதிரி. அதை அணைத்துவிட்டு, அமர்வின் தொடக்கத்தில் கையால் ஒருமுறை போட்ட கோட்டை அந்த அமர்வு முடியும்வரை வைத்திருங்கள்.

மணிக்கு ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். மூளையில் அலை எழுந்ததற்கும் காதில் மணி கேட்பதற்கும் இடையே ஏற்கெனவே ஃபில்டரும் சாளரமும் அரை நொடியைத் தின்கின்றன. ப்ளூடூத் அதன் மேல் இன்னும் தாமதம் சேர்க்கும். எதற்காகப் பரிசு என்றே மூளைக்குத் தெரியாமல் போகும். ஒயர் ஹெட்போன், இல்லாவிட்டால் லேப்டாப் ஸ்பீக்கர்.

உட்கார்ந்து செய்வது

மொத்தம் 40 நிமிடம்: மாட்டவும் சோதிக்கவும் பத்து, அடிமட்டத்துக்கு மூன்று, பிறகு மூன்று நிமிடப் பகுதிகளாக ஆறு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிட ஓய்வு, கடைசியில் மணியில்லாமல் மீண்டும் மூன்று நிமிடப் பதிவு. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒரே நேரத்தில். வயிறு நிறையச் சாப்பிட்ட மதியம் உதவாது.

முதுகு சாய, கால் தரையில் பதிய உட்காருங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டாமல் தளர்ந்து கிடக்கட்டும். புருவத்துக்கு நடுவே ஒரு சுருக்கம் இருக்கும், அதை விடுங்கள். மணியை வரவழைக்கப் பாடுபடாதீர்கள். முயற்சி என்பது நம் உடம்புக்குத் தோளை உயர்த்துவது, மூச்சைப் பிடிப்பது, பல்லைக் கடிப்பது என்றுதான் தெரியும். மூன்றும் மேல்பட்டையை ஏற்றி மணியை நிறுத்தும். மணி வந்தபோது உடம்பு எப்படி இருந்தது என்று மட்டும் கவனியுங்கள். எப்படிச் செய்தேன் என்று வார்த்தையில் சொல்ல வராது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கும் வராது.

பத்து அமர்வு ஆனதும், கடைசிப் பகுதியை மணியையும் திரையையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். பதிவு மட்டும் ஓடட்டும். அடுத்த கட்டமாக, அந்த மூன்று நிமிடத்தில் ஒரு பக்கம் படியுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கருவி இருந்தால்தான் வருகிற அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எண்கள் ஏறும், ஆனால் ஏமாற்றும்

12–15 ஏறும்போது 22–30ம் சேர்ந்து ஏறுகிறதா? அது தசை. தசையின் சத்தம் எல்லாப் பட்டைகளிலும் பரவி நிற்கும். மூளைத் தாளம் தன் பட்டையில் மட்டும் ஏறும். அமர்வு முடிந்ததும் இரண்டு வரைபடங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

இதைவிடத் தந்திரமான ஏமாற்று தூக்கம். கண் சொக்கும்போது மூளை ‘ஸ்பிண்டில்’ என்ற அலைக்கொத்துகளை வீசும். அவை எழுவது உச்சந்தலையில், தாளம் 12 முதல் 15 ஹெர்ட்ஸ். நீங்கள் பரிசு கொடுக்கக் காத்திருக்கும் அதே இடம், அதே பட்டை! ஆகவே அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு மணி அமோகமாக அடிக்கலாம். 4–7 பட்டை ஏறுகிறதா, கண் சிமிட்டல் குறைந்துவிட்டதா, மூல அலையில் மெதுவான பெரிய உருளல்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் நிறுத்தி, எழுந்து, முகம் கழுவிவிட்டு வாருங்கள். இரவு நான்கு மணி நேரம் தூங்கியவருக்கு அன்று பயிற்சியே வேண்டாம்.

நாளுக்கு நாள் அளவு தாவினால் முதலில் டேப்பைச் சந்தேகப்படுங்கள், பிறகு இம்பீடன்ஸை. மூளையைக் கடைசியில் சந்தேகப்படலாம்.

அமர்வுக்குப் பிறகு தலைவலி, களைப்பு, எரிச்சல், தூக்கம் வராத படபடப்பு ஆகியவை சிலருக்கு வரும். பெரும்பாலும் அன்றோடு அடங்கும். முயற்சி மிகுந்து தோளையும் கண்ணையும் இறுக்கியதால் வருவதே அதிகம். பகுதிகளை ஆறிலிருந்து மூன்றாகக் குறையுங்கள். அடுத்தடுத்து இரண்டு அமர்வுகளில் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பலனைத் திரைக்கு வெளியே அளப்பது

எஸ்.எம்.ஆர். 4 மைக்ரோவோல்ட்டிலிருந்து 5க்கு ஏறியது என்பதால் வாழ்க்கையில் எதுவும் மாறிவிட்டதாகாது. தூக்கத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால், தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: விளக்கை அணைத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், நடுவில் விழித்த எண்ணிக்கை, எழுந்த நேரம். இன்சோம்னியா சிவியாரிட்டி இண்டெக்ஸ் என்ற ஏழு கேள்விப் படிவத்தையும் நிரப்புங்கள். 0 முதல் 28 வரை மதிப்பெண் வரும். 10ஆம் அமர்விலும் 20ஆம் அமர்விலும் மறுபடி நிரப்புங்கள். 6 புள்ளியாவது குறைந்தால் அதை மாற்றம் என்று சொல்லலாம். 20இல் அசைவே இல்லை என்றால் நிறுத்திவிடலாம், 40 வரை இழுக்கக் காரணம் இல்லை.

அதே மாதத்தில் மாலைக் காபியை விட்டு, நடைப்பயிற்சியும் தொடங்கி, நியூரோஃபீட்பேக்கும் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதலில் காபியை விட்டுப் பாருங்கள். செலவே இல்லை.

நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு

குழந்தைக்காகவோ நோய்க்காகவோ போகிறீர்கள் என்றால் நிலையத்தில்தான் செய்ய வேண்டும். பொறுப்பாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, அல்லது மனநல மருத்துவரா என்று கேளுங்கள். பி.சி.ஐ.ஏ. என்ற பன்னாட்டுப் பயோஃபீட்பேக் அமைப்பின் சான்றிதழ் இருந்தால் கருவியைக் கையாளத் தெரிந்தவர் என்று கொள்ளலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் தலைக்காயம் பட்டவர்களிடம் இந்தப் பயிற்சியை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அங்கே போலத்தான், நரம்பியல் சோதனைகளோடு சேர்த்துச் செய்யும் இடமே நல்ல இடம்.

எந்தப் புள்ளியில், எந்தப் பட்டையில், ஏன் என்று கேளுங்கள். மூல அலையைக் காட்டச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக் காட்டி, இப்போது மணி அடிக்குமா என்று கேளுங்கள். விளக்கத் தெரிந்தவர் சிரித்துக்கொண்டே விளக்குவார், தெரியாதவர் கோபப்படுவார். ‘பிரெயின் மேப்’ என்று வண்ணப்படம் நீட்டினால் பயப்பட வேண்டாம். அதில் சிவப்பு என்பது அதே வயதினரின் சராசரியிலிருந்து விலகல், நோய் அல்ல. பதிவின்போது கழுத்து இறுகியிருந்தாலே ஓரங்கள் சிவக்கும். முதல் நாளிலேயே 40 அமர்வுக்குப் பணம் கட்டச் சொன்னாலும், நீட் மதிப்பெண் ஏறும் என்று உறுதி கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கழற்றிய பிறகு

எலக்ட்ரோடைப் பிடித்து எடுங்கள், ஒயரை இழுத்தால் உள்ளே கம்பி அறுந்துவிடும். காய்ந்த பசையை நகத்தாலோ ஊசியாலோ சுரண்டாதீர்கள். தங்கமுலாமில் விழும் கீறல் நாளடைவில் சத்தமாகத் திரும்பி வரும். குழிப்பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நனைத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். பிளக் முனையில் ஈரம் படக் கூடாது. தலையில் ஒட்டிய பசை வெந்நீருக்கே போய்விடும். அதற்குப் பிறகு எண்ணெய் தடவிக்கொள்ளலாம், அடுத்த அமர்வு மறுநாள் இல்லை என்றால்.